கைநாட்டு செல்லாது

நாற்பத்து மூன்றில் ஒன்பது

நான் தலைமையாசிரியராகப் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. உதவி ஆசிரியர் இல்லை, பியூன் இல்லை. மணியை நானே அடித்துவிட்டு, நானே ஓடிப்போய் வகுப்பில் நின்றுகொள்ள வேண்டும். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தறிக்காரர்கள் நிறைந்த ஒரு சின்ன ஊர். ஜில்லா போர்டு நடத்தின எலிமெண்டரி ஸ்கூல். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே அறை. இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. எனக்கு இருபத்து மூன்று வயது. டிரெயினிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்த விதிகள் அத்தனையும் மனப்பாடம். யார் தலையிலாவது அவற்றை இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் நாள் காலையில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தேன். நாற்பத்து மூன்று பேர். வந்த பிள்ளைக்கு ஒரு சாய்கோடு, வராத பிள்ளைக்கு ஒரு வட்டம் போட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் தாராள மனசுக்காரர். போன வருஷம் முழுக்க ஒரு வட்டம்கூட இல்லை, பக்கம் பக்கமாகச் சாய்கோடுதான். ஆகா, என்ன அருமையான ஊர் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அறையில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பெண்பிள்ளை. பேர் பாவாயி. பதினோரு வயசு இருக்கும். அந்த அறையில் என்னைவிட நிதானமான ஆள் அவள்தான். மற்றவர்கள் எங்கே என்று அவளைக் கேட்டேன். "பாவு போட்டிருக்குதுங்க" என்றாள், சூரியன் உதித்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி. எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து வந்து தெருவைக் காட்டினாள்.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். தறியில் ஏற்றுகிற நீள நூல் அது, அதைத்தான் பாவு என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுச் சுருட்டிவிட வேண்டும். அதற்கு எத்தனை கை இருந்தாலும் போதாது. என்னுடைய முப்பத்து நான்கு பிள்ளைகளும் அந்தப் பாவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் பார்க்க முடியாத ஒழுங்கு. புது வாத்தியாரைப் பார்த்ததும் சில பிள்ளைகள் கஞ்சிக் கையோடு கும்பிட்டார்கள். ஓடி ஒளிய வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

அன்று சாயங்காலமே தெருவில் நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். கல்வி, கடமை, எதிர்காலம், எல்லாம் வந்தது. தறிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். மறுநாள் நாற்பத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை பாக்கியில்லை. என் வாக்கு வன்மையை நானே மெச்சிக்கொண்டு அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அதற்கு அடுத்த நாள் ஏழு பேர் வந்தார்கள்.

"நேத்து அமாவாசைங்க" என்றாள் பாவாயி. "அமாவாசைக்குத் தறியில உக்காரமாட்டாங்க. ஊட்டுல சும்மாதான இருக்கோணும், அதுக்கு இங்கயே வந்துட்டாங்க."

அந்தக் கார்டைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று தபால்காரரைக் கேட்டேன். போய்விட்டது என்றார்.

தெருவுக்கே காய்ச்சல்

இந்தக் காலத்துப் பெற்றோருக்கும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் அந்தக் காலத்து விதியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வராத நாளுக்குப் பெற்றோர் லீவுச் சீட்டு அனுப்ப வேண்டும். சீட்டு வந்தால் அந்த நாள் லீவு. சீட்டு வராவிட்டால் வட்டம். சீட்டே இல்லாமல் தொடர்ந்து பதினைந்து வேலை நாள் வட்டம் விழுந்தால், அந்தப் பிள்ளையின் பேர் மேல் சிவப்பு மையால் கோடு கிழித்துவிட வேண்டும். பேரை அடிப்பது என்று அதற்குப் பெயர். மறுபடி சேர வேண்டுமானால் அடுத்த வருஷம் புதிதாக எழுதிச் சேர வேண்டும். பையன்கள் சிலர் அப்படித் திரும்பி வந்ததுண்டு. பெண்பிள்ளைகளுக்கு அந்த அடுத்த வருஷம் வந்ததே கிடையாது. அந்தத் தாராள மனசுக்காரருக்கும் முந்திய பழைய ரிஜிஸ்டர்களில் சிவப்புக் கோடு விழுந்த பெண்களின் பேர்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒருத்திகூடத் திரும்பவில்லை.

சீட்டு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதான், சீட்டு மழை பெய்தது. திங்கட்கிழமை பதினெட்டுச் சீட்டு, செவ்வாய்க்கிழமை இருபது. அத்தனையிலும் ஒரே நோய். 'என் மகனுக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒருநாள் மட்டும் லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கார்டியன்.' கீழே ஒரு கைநாட்டு. மைப்பெட்டி யார் வீட்டிலும் கிடையாது, அதனால் சாயத்தில் விரலைத் தோய்த்து வைத்திருந்தார்கள். சிவப்புக் கைநாட்டு வந்தால் அந்த வீட்டுத் தறியில் சிவப்புக் கரை ஓடுகிறது என்று அர்த்தம். ஊதா வந்தால் ஊதாக் கரை. ஒரு மாதத்தில் எந்த வீட்டில் என்ன புடவை என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. சில சீட்டுகளில் அப்பாவின் பெருவிரல் ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அது யார் விரல் என்று கேட்டு நான் அவமானப்படவில்லை.

எழுத்தும் ஒரே எழுத்து. அழகான, உருண்டையான எழுத்து. பாவாயியைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவேயில்லை.

"நாந்தானுங்க எழுதறேன். அவங்களுக்கு எழுதத் தெரியாதுங்களே."

"தெருவுக்கே காய்ச்சலா?"

"நீங்க போர்டுல எழுதிப் போட்டதுல காய்ச்சல்னுதானுங்க இருந்துச்சு. வேற எழுதுனா தப்பாயிருமுங்களே."

அது நிஜம். லீவுச் சீட்டு எழுதுவது எப்படி என்று ஐந்தாம் வகுப்புக்கு மாதிரி எழுதிப் போட்டவன் நான்தான். அதை எழுத்துப் பிசகாமல் ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். கூலியாக வறுத்த கடலை வாங்கிக்கொள்வாளாம். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். என்ன கடலை என்று தெரியாமல் நானும் தின்றிருக்கிறேன்.

என்னுடைய உத்தரவு

சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. ஒரு அட்டை எடுத்தேன். 'இது முதல் லீவுச் சீட்டில் தகப்பனார் அல்லது தாயாரின் கையெழுத்து இருக்க வேண்டும். கைநாட்டு செல்லாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட முத்திரையையும் குத்தி, கதவில் ஆணியடித்து மாட்டினேன்.

அப்படி ஒரு விதி எந்த சர்க்குலரிலும் கிடையாது. முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. அந்தத் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை இல்லை. ஆகவே சீட்டு வர வழியில்லை. சீட்டு வராவிட்டால் பயந்துகொண்டு பிள்ளைகளை அனுப்புவார்கள். இதுதான் என் கணக்கு. முத்திரையைப் பார்த்ததும் ஊரில் சர்க்கார் உத்தரவு என்றே பேசிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. ஒரு வாரம் முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். கதவைத் தாண்டும்போதெல்லாம் அந்த அட்டையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

இரண்டாம் வாரம் பாவு வந்தது, பிள்ளைகள் தெருவுக்குப் போய்விட்டார்கள். சீட்டு மட்டும் வரவில்லை. செல்லாது என்று சொல்லியாகிவிட்டதே, எதற்கு எழுதிக்கொண்டு என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நாள், மூன்று நாள் வட்டம் விழும், பிறகு வந்துவிடுவார்கள். அதனால் யார் பேரும் அடிபடும் அளவுக்குப் போகவில்லை. எனக்கும் அட்டையைக் கழற்ற மனசில்லை.

அப்போதுதான் பாவாயி வராமல் போனாள்.

அவளுடைய அம்மா அங்கம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் தார் சுற்றுவது அங்கம்மாளின் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னச் சின்னக் குழலில் ராட்டையில் சுற்றிக் கொடுப்பதுதான் தார். ஒரு தார் தீரத் தீர இன்னொன்று தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். அம்மா கையில் கட்டு, ஆகவே மகள் ராட்டையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் வேறு பிள்ளை இல்லை.

அந்த ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்த முதல் பெண்பிள்ளை அவள். அந்த வருஷம் பாஸ் செய்தால் ராசிபுரத்தில் மேலே சேர்க்கலாம், அப்புறம் டிரெயினிங் ஸ்கூல் இருக்கிறது என்று நானே அங்கம்மாளிடம் சொல்லி, அந்தம்மாளும் ஆசையோடு தலையாட்டியிருந்தது. பேரை அடித்துவிட்டால் எல்லாம் போச்சு. நான்கு வட்டம் விழுந்திருந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பெரிய பையன்

ஐந்தாம் நாள் மத்தியானம் பாவாயியின் அப்பா அர்த்தனாரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு லேசாக வளைந்த ஆள். கரையில் பூப் போட்டு நெய்வதில் அவரைத் தாண்டி ஆள் கிடையாது என்பார்கள். கதவில் மாட்டியிருந்த அட்டைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கைநாட்டு வாங்கமாட்டீர்களாமே என்று கேட்டார். ஆமாம், உத்தரவு அப்படி என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, கையெழுத்துப் போட பழகோணும்னா எத்தன நாளாகுமுங்க?"

எனக்குக் கிண்டல் முந்திக்கொண்டது. "உங்க பேருக்குப் பதினஞ்சு நாள் ஆகும்" என்றேன்.

"அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சறலாமுங்க" என்று ஒன்றாம் வகுப்புப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சோற்றுக்குத் தறியை நிறுத்துகிற நேரத்தில் வந்துவிடுவார். வாய்க்குள் பாதிச் சோறு இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் முழங்கால் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ள உட்கார்ந்து, ஸ்லேட்டில் எழுதுவார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பக்கத்தில் இருந்த ஐந்து வயசுப் பையன் அவருக்குப் பலப்பத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான்.

அவருக்கு 'அ' வந்துவிட்டது. 'ர்த்' வரவில்லை. நானும் ஒரு வாரம் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். புள்ளியை ஒருநாள் விட்டுவிடுவார், மறுநாள் எல்லா எழுத்துக்கும் மேலே ஒவ்வொன்று வைத்துவிடுவார். மூவாயிரம் இழையில் ஒரு இழை பிசகினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர், ஒரு புள்ளி எங்கே போகிறது என்று தெரியாமல் வியர்த்து வழிந்தார். ஒருநாள் பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன்னைப் பெற்றவர்களையே நொந்துகொண்டார்.

"கந்தன்னு வெச்சிருந்தா நேத்தே முடிஞ்சிருக்குமுங்க. எங்கய்யன் திருச்செங்கோட்டு மலைச்சாமிக்கு வேண்டிக்கிட்டு அந்தச் சாமி பேரயே வெச்சுட்டுப் போயிட்டாரு. அவரா எழுதறாரு?"

"உங்க பொண்ணு உங்க பேரை ஒரு இழுப்புல எழுதுவா" என்று சீண்டினேன்.

"அவ எழுதுவாளுங்க. எனக்கென்ன, அவளையா நான் பெத்தேன், அவதான் என்னையப் பெத்த மாதிரி ஊட்டுல வெரட்டறாளே. ராத்திரி சோறு தின்னா ஸ்லேட்டத் தூக்கியாறா."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. ரிஜிஸ்டரில் வட்டம் எட்டாகி, ஒன்பதாகி, பத்தைத் தாண்டிவிட்டது. அவர் நிதானமாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு மகளைப் பற்றிக் கவலையே இல்லையா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒரு ஆணியைப் பிடுங்கினால் தீர்ந்துபோகிற காரியம் என்று எனக்குத் தெரியும். கைநாட்டை வாங்கிக்கொண்டு லீவு என்று எழுதிவிடலாம். ஆனால் வாத்தியார் உத்தரவை வாத்தியாரே கழற்றினார் என்று தெருவே சிரிக்குமே. அந்த வெட்கம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டது. முன்னால் இருந்தவரைப் போல வட்டத்துக்குப் பதிலாகச் சாய்கோடு போட்டுவிடலாமா என்றும் ஒருநாள் பேனாவை எடுத்தேன். அதற்கும் மனசு வரவில்லை. ஒரு பெண்பிள்ளையின் படிப்பை என் ரோஷத்துக்கு ஈடு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதினாலாம் வட்டம்

பதினாலாம் நாள் காலையில் வட்டத்தைப் போட்டேன். மறுநாள் ஒன்று விழுந்தால் பேரை அடிக்க வேண்டும். சிவப்பு மைப்புட்டியை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். கண்ணில் படாமல் இருந்தால் தேவைப்படாது என்று ஒரு நினைப்பு.

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடங்களின் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ராசிபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே கதவருகே நின்று அட்டையைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு உள்ளே பார்த்தார். ஒன்றாம் வகுப்புப் பலகையில் அர்த்தனாரி ஸ்லேட்டும் கையுமாக எழுந்து நின்றார். அவரைச் சுற்றி ஐந்து வயசுப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

"இந்தப் பையன் எந்த வருஷம் சேர்ந்தான்?" என்று என்னைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அர்த்தனாரியே பதில் சொன்னார். "நான் படிக்க வரலீங்க சாமி. லீவு கேக்க வந்தனுங்க. கையெழுத்து வந்தாத்தான் லீவுன்னு உத்தரவுங்களே, அதான் பழகிக்கிட்டிருக்கறனுங்க."

இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கைநாட்டு செல்லாது என்று எந்த ரூலில் இருக்கிறது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். கோர்ட்டில் செல்லும், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் செல்லும், உங்க பள்ளிக்கூடத்துல மட்டும் செல்லாதா என்றார். அதற்கும் தரையைத்தான் பார்த்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைநாட்டை வாங்கிக்கொண்டு இப்போதே லீவு போடும் என்று மைப்பெட்டியைத் தன் பையிலிருந்தே எடுத்து வைத்தார்.

அர்த்தனாரி என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தன நாளும் எதுக்குங்க நான் இந்த எழவ எழுதுனேன்?"

தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். ரிஜிஸ்டரை விரித்து, பாவாயியின் பேருக்கு நேரே விரலை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாதே தவிர, வரிசை பார்ப்பதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. மேல் வரிசையைப் பார்த்தார், கீழ் வரிசையைப் பார்த்தார், மறுபடி நடுவில் வந்தார்.

"எம்புள்ள வரிசையில மட்டும் ஏனுங்க ஓட்ட ஓட்டயா இருக்குது?"

அவள் வராத நாள் அதெல்லாம் என்றேன். கையிலிருந்த பலப்பத்தால் காற்றிலேயே எண்ணினார். பதினாலு. இன்னும் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பேரை அடித்துவிடுவேன் என்றேன். அடிப்பதென்றால் என்ன என்று கேட்டார். பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அந்தப் பேர் யாருடையது என்று கேட்டார். அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண்ணின் பேரைச் சொன்னேன். அவளுக்கு அப்போது கல்யாணமாகி இடுப்பில் பிள்ளை.

அர்த்தனாரி நிமிர்ந்தார். குரல் ஏறவில்லை.

"இத ஏனுங்க எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சொல்லவேயில்லை. அந்தத் தெருவில் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதினைந்து நாள் விதி எனக்குத் தெரியும், ஆகவே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் பதினைந்து நாள் என்று நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அதுவும் கிண்டல். பதினைந்து நாளில் எழுத வந்துவிடும், அப்புறம் சீட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அந்த மனிதர் நம்பி உட்கார்ந்திருக்கிறார். இல்லாத விதியை ஆணியடித்து மாட்டினேன், இருக்கிற விதியைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். போன பதினாலு நாளுக்கும், வருகிற ஒரு மாதத்துக்கும் சேர்த்தே லீவு போட்டுவிடலாம், அம்மா கை தேறட்டும் என்றார். அர்த்தனாரி பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"வரப்போற மாசத்துக்கு வேண்டாமுங்க. நாளைக்கு வந்துருவா. போன நாளுக்கு மட்டும் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறனுங்க."

நான் சீட்டை எழுதினேன். பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதினார். ஸ்லேட்டில் பழகின கை, காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது. 'ர்' மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு முழம் உயரமாக நின்றது. இரண்டு புள்ளியும் சரியான இடத்தில் விழுந்தன. பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. போகும்போது விசிட் புக்கில், 'கதவில் உள்ள அட்டை அகற்றப்பட வேண்டும். தலைமையாசிரியர் விதிகளைப் படிக்க வேண்டும்' என்று எழுதி, அடியில் 'ஒன்றாம் வகுப்பின் கையெழுத்து திருப்தி' என்று சேர்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஆணியைப் பிடுங்கினேன். ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். பிரசங்கம் செய்யவில்லை. அவரவர் பிள்ளையின் வரிசையைக் காட்டினேன், வட்டம் என்றால் என்ன, பதினைந்து என்றால் என்ன என்று சொன்னேன். காய்ச்சல் என்று எழுத வேண்டியதில்லை, பாவு என்றே எழுதலாம் என்றும் சொன்னேன். தெரு சிரிக்கத்தான் சிரித்தது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பாவு நாளில் பிள்ளைகள் தெருவில்தான் நின்றார்கள். ஆனால் பாவு சுருட்டியதும் கஞ்சிக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். நான் அந்த ஊரில் இருந்த ஐந்து வருஷத்தில் சிவப்பு மைப்புட்டி காய்ந்தே போய்விட்டது.

புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிள்ளை வரவில்லை என்றால் முதலில் அந்த ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பெற்றவர்களிடம் போங்கள். அதை அலமாரிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவர்களைத் திட்டாதீர்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் வரிசையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாவிட்டால் ஒன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்துவிடுங்கள்.

ஒரு சீட்டு

மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே பாவாயி வந்து நின்றாள். தலையில் பஞ்சுத் தூசி. விடிகாலையில் எழுந்து பாதித் தாரைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். அம்மா இடது கையால் ராட்டையைப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்றாள். பதினைந்தாம் கட்டத்தில் நான் சாய்கோடு போட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, கோடு கோணலாக இருக்கிறது என்றாள். அந்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு பாஸ் செய்தாள்.

அன்று என் மேஜை மேல் நான்காக மடித்த ஒரு சீட்டை வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதே உருண்டை எழுத்து. 'ஐயா, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் தகப்பனார் அர்த்தனாரி, மத்தியானத்தில் தார் சுற்ற வேண்டியிருப்பதால், இன்று முதல் பள்ளிக்கு வர இயலாது. அம்மாவுக்குக் கை தேறும் வரையில் லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, அ. பாவாயி, கார்டியன்.'

'லீவு அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அந்தத் தெருவிலேயே எழுதி எனக்கு வந்த லீவுச் சீட்டுகளில், காய்ச்சல் என்ற வார்த்தை இல்லாத முதல் சீட்டு அதுதான்.